கழுதைப்புலியின் பயணம்

ஆபிரிக்கக் கண்டத்தின் மேற்கு எல்லையிலே, அத்திலாந்திக் சமுத்திரத்துக்குள் மூக்கை நீட்டியது போன்ற ஒரு நிலமுனையில் அமைந்திருக்கிறது டக்கார் நகரம். செனகல் நாட்டின் தலைநகர் அது. கண்டத்தின் பெருநிலப் பரப்பிலே அந்த முனைக்கு மேற்கே வேறு நிலம் இல்லை. அந்நகரத்துக் கடற்பாறைகளின் மேல் நிற்கும் ஒருவனுக்கு எதிரே இருப்பது நீர் ஒன்றே. அங்கே நின்று, "போய்விட வேண்டும்" என்று எண்ணிய இருவரைப் பற்றிய திரைப்படம் ஒன்றனை இன்று நேயர்களுக்கு அறிமுகஞ் செய்ய விரும்புகின்றேன். 1973ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தின் பெயர் 'துக்கி புக்கி'. அதனை ஆக்கியவர் ஜிப்ரில் டியோப் மாம்பெத்தி என்பவர்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். செனகல் மக்களிற் பெரும்பாலோர் பேசும் வோலொப் மொழியிலே 'துக்கி' என்றாற் பயணம். 'புக்கி' என்றாற் கழுதைப்புலி. ஆகவே, 'கழுதைப்புலியின் பயணம்' என்பதே படத்தின் பெயர். ஆனால், படத்திலே கழுதைப்புலி எதுவும் வருவதில்லை. பிறகு ஏன் இப்பெயர் என்று கேட்கலாம். நம் பாட்டிமார் சொல்லும் கதைகளிலே நரி வருவது போல, செனகல் நாட்டுக் கதைகளிலே முயலும் கழுதைப்புலியும் இணைபிரியாது வருவன. முயல் புத்திசாலி. கழுதைப்புலியோ பேராசை பிடித்தது. கிடைத்ததை விட்டுக் கிடைக்காததன் பின்னே ஓடுவது. ஒவ்வொரு கதையிலும் ஏமாறுவது. ஏமாந்த பின்னும் அடுத்த கதைக்கு அதே பசியோடு வந்து சேர்வது. பிராகோ டியோப் என்ற எழுத்தாளர் 1947இல் வெளியிட்ட கதைத்தொகுதி வாயிலாக இவ்விரு விலங்குகளும் பிரெஞ்சு மொழி வாசகரிடையேயும் புகழ்பெற்றன.

இந்தக் கழுதைப்புலி கடல் கடந்த கதையும் ஒன்று உண்டு. அடிமைகளாக விலங்கிடப்பட்டு அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட மேற்காபிரிக்க மக்கள் தங்கள் கதைகளையும் உடன் கொண்டு சென்றனர். அதனாலேயே கழுதைப்புலியே இல்லாத ஹெயிட்டித் தீவிலும், அமெரிக்காவின் லூயிசியானாப் பகுதியிலும் இன்றும் 'புக்கி' என்ற பெயருடைய ஏமாளி ஒருவன் நாட்டுக் கதைகளில் உலவுகின்றான். டக்கார்த் துறைமுகத்துக்கு எதிரே தெரிகின்ற கோரே என்னும் சிறு தீவு அடிமை வாணிகத்தின் நினைவிடமாகப் போற்றப்படுவது. அதே கடலைப் பார்த்துக்கொண்டு, ஒருவரும் விலங்கிடாமலே, தாமாக விரும்பிக் கப்பலேற நிற்கும் ஓர் இளைஞனையும் பெண்ணையும் பற்றிய படத்துக்கு மாம்பெத்தி இப்பெயரைத் தேர்ந்தார். பெயரிலேயே கதையின் பாதியைச் சொல்லிவிட்டார் எனலாம்.

படத்தின் உள்ளே புகுமுன் அது தோன்றிய சூழலைச் சிறிது கூற வேண்டும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலே, ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் எவர் படம் பிடிப்பதாயினும் அரசாங்கத்தின் அனுமதி பெற வேண்டும் என 1934இல் ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டது. இதன் விளைவு விந்தையானது. போலின் வியேரா என்பவரும் அவருடைய தோழரும் 1955இல் ஒரு குறும்படம் எடுத்தபோது, தம் கண்டத்திலே படம் பிடிக்க அனுமதி கிடைக்காமையால் பாரிஸ் நகரத்தில் வாழும் ஆபிரிக்கரையே படம் பிடித்தனர். ஆகவே, அந்நாட்டார் தம் கையாற் செய்த தொடக்க முயற்சிகளுள் ஒன்று புலம்பெயர்ந்தோர் படமாகவே அமைந்தது! 1960இல் செனகல் சுதந்திரம் பெற்றது. கவிஞராகிய லெயோபோல்ட் செங்கோர் முதற் குடியரசுத் தலைவரானார். பின்னர் படங்கள் வரத் தொடங்கின.

அவற்றுள் முதன்மையான ஒன்று ஊஸ்மான் செம்பென் 1966இல் எடுத்தது. 'இன்னாருடைய கறுப்புப் பெண்' என்று பொருள்படும் தலைப்பு. அந்த 'இன்னார்' என்ற இடத்திலே பெயர் எழுதாமல் புள்ளிகளே இடப்பட்டிருக்கும். டக்காரிலே ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த தியூவானா என்ற பெண், அக்குடும்பத்தாரின் அழைப்பை ஏற்றுப் பிரான்சின் தென்கரைக்குக் கப்பலேறுகின்றாள். கடைத் தெருக்களையும் அழகிய ஆடைகளையும் கனவு கண்டு சென்றவள், அங்கே சமையலறைக்கும் குளியலறைக்கும் இடையே அடைபட்டு, ஈற்றில் தன்னுயிரை மாய்த்துக் கொள்கின்றாள். செம்பென் தாமே மார்செய்த் துறைமுகத்திற் சுமை தூக்கியவர். போனவர்க்கு நேர்வதை அறிந்தவர். ஆதலால் அவர் படம் ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகின்றது: போகாதே, அங்கே நீ ஒரு பொருளாகிவிடுவாய் என்று.

ஏழாண்டு கழித்து வந்த மாம்பெத்தியின் படம் அங்ஙனம் பேசுவதில்லை. போனபின் என்ன ஆகும் என்பது அதன் விடயமன்று. போகவேண்டும் என்ற ஆசை எதனால் ஆனது என்பதே அதன் விடயம். எனக்கு இது செம்பெனின் கேள்வியினும் கடினமான கேள்வியாகத் தோன்றுகின்றது.

மாம்பெத்தி 1945இல் டக்காருக்கு அருகே கொலோபான் என்னுமிடத்திற் பிறந்தவர். இசுலாமிய சமயப் பெரியார் ஒருவரின் மகன். நாடக நடிகராகப் பயின்று, தேசிய நாடக அரங்கிலே சேர்ந்து, பின்னர் அங்கிருந்து விலக்கப்பட்டவர். திரைப்படக் கல்லூரி எதிலும் படித்தவரல்லர். இரண்டு குறும்படங்களுக்குப் பின், இருபத்தெட்டு வயதளவில், மிகச் சிறிய பணத்தைக் கொண்டு இப்படத்தை முடித்தார். நடித்தோரிற் பலர் தொழில்முறை நடிகரல்லர்.

கதை சிறியது. மோரி என்பவன் மாடு மேய்க்கும் குலத்து இளைஞன். இப்போது மாடில்லை, நகரத்திலே மோட்டார் சைக்கிளில் திரிகின்றான். அந்த வண்டியின் முன்புறத்திலே, கைபிடிகளுக்கு நடுவே, நீண்ட கொம்புகளோடு கூடிய மாட்டு மண்டையோடு ஒன்றைக் கட்டியிருக்கின்றான். அந்தா என்பவள் பல்கலைக்கழக மாணவி. முடியைக் குறைத்து வெட்டிக் காற்சட்டை அணிந்து திரிபவள். அவளுடைய தாய் காய்கறி விற்பவள். படிப்பு இவளைக் கெடுத்துவிட்டது என்று அயலார் ஏசுகின்றனர். மோரியோடு கூடித் திரிவதற்காக அவளுடைய சக மாணவர்கள், புரட்சி பேசுபவர்கள், மோரியைக் கயிறு வீசிப் பிடித்து வாகனத்திற் கட்டி இழுத்து அவமானஞ் செய்கின்றனர். மாட்டைக் கட்டுவது போலவே கட்டுகின்றனர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இருவரும் பாரிஸ் போக முடிவு செய்கின்றனர். கையிற் காசில்லை. காசில்லை என்பது மட்டுமன்று. மோரிக்குக் கடனும் உண்டு. ஊமி என்னும் பெண்ணிடம் அரிசி வாங்கி விலை கொடுக்கவில்லை. ஊமி அவனைக் காணும்போதெல்லாம் ஊரறியக் கூவுகின்றாள்.

இந்த அரிசிக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. செனகல் நாட்டார் அரிசி உண்பவர் என்பது நம்மவரிற் பலர்க்கு வியப்பாக இருக்கும். மீனும் சோறும் சேர்த்துச் சமைப்பதே அவர்களுடைய தேசிய உணவு. அதிலும் நொய்யரிசியையே அவர்கள் விரும்புவர். பிரெஞ்சு ஆட்சியாளர் செனகலின் நிலத்தை நிலக்கடலைக்கு, நாம் கச்சான் என்று சொல்கின்றோமே அதற்கு, ஒதுக்கினர். உண்பதற்குத் தங்கள் ஆட்சியிலிருந்த இந்தோசீனாவிலிருந்து, ஆலைகளில் உடைந்து கழிந்த மலிவான அரிசியைக் கொண்டு வந்து கொடுத்தனர். கழிவாக வந்தது காலப்போக்கிற் சுவையாயிற்று. தன் நாட்டு மண்ணிலே நின்று மோரி பட்ட அரிசிக் கடனும், அவன் பாடும் பாரிஸ் பாட்டும் ஒரே கப்பல் வழியிலே வந்தவை என்று சொன்னால் மிகையாகாது.

பாட்டைக் குறிப்பிட்டேன். வானொலியில் திரைப்படத்தைப் பற்றிப் பேசுவோர்க்குக் காட்சியைக் காட்ட இயலாத குறை எப்போதும் உண்டு. ஆனால் இப்படத்தின் பாதி உயிர் அதன் ஒலியிலே இருக்கின்றது. பாரிஸ் என்னும் பெயரை மும்முறை அடுக்கி அழைக்கும் பிரெஞ்சுப் பாட்டு ஒன்று படம் முழுவதும் மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றது. கீறல் விழுந்த இசைத்தட்டிலே ஊசி சிக்கியது போல, தொடங்கிய இடத்துக்கே வந்து வந்து சேர்கின்றது. பாடுபவர் ஜோசபின் பேக்கர். இவர் பிரெஞ்சுக்காரியாகப் பிறந்தவரல்லர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 1906இல் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரிலே வறிய கறுப்புக் குடும்பத்திற் பிறந்து, நிறவேற்றுமையின் கொடுமையிலிருந்து தப்பி, 1925இற் பாரிஸ் சென்று, அங்கே புகழின் உச்சியை அடைந்தவர். 1937இற் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர். 2021ஆம் ஆண்டிலே பிரான்சு தன் பெருமக்களை நினைவுகூரும் பந்தெயோன் மண்டபத்திலே அவருக்கும் இடம் கொடுத்தது. ஆக, அந்தப் பாட்டிலே பொய் இல்லை. பாடியவருக்குப் பாரிஸ் உண்மையாகவே வாழ்வு கொடுத்தது. அதனாலன்றோ அந்த அழைப்பு இவ்வளவு ஆபத்தானதாகின்றது! முழுப்பொய் எவரையும் நெடுந்தூரம் இழுப்பதில்லை.

பணந்தேடும் படலம் நகைச்சுவையோடு நடக்கின்றது. மோரி தெருவோரச் சீட்டாட்டத்திலே பந்தயம் வைத்துத் தோற்றுக் காசு கொடாமல் ஓடுகின்றான். பின்னர் இருவரும் ஒரு மல்யுத்தப் போட்டிக்குச் செல்கின்றனர். செனகலிலே மல்யுத்தம் பெருங்கூட்டம் சேர்க்கும் விளையாட்டு. அன்றைய வசூல், பிரெஞ்சுத் தலைவர் ஜெனரல் டி கோலுக்கு நினைவுச் சின்னம் எழுப்புவதற்காம். சுதந்திரம் பெற்றுப் பதின்மூன்றாண்டு கழித்து, ஆண்டவரின் தலைவருக்குச் சிலையெழுப்ப ஏழைகள் காசு போடுகின்றனர் என்று மாம்பெத்தி போகிற போக்கிற் காட்டிச் செல்கின்றார், விளக்கவுரை இல்லை. இருவரும் பணப்பெட்டி என்று எண்ணித் திருடிச் சென்ற பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரு மண்டையோடு. கதைப்புத்தகத்துக் கழுதைப்புலி ஏமாறுவது போலவே ஏமாறுகின்றனர்.

ஈற்றிலே, சார்லி என்னும் செல்வச் சீமானின் மாளிகையிலே காரியம் கைகூடுகின்றது. ஆண்களையே நாடும் இயல்பினரான அவர், முன்பே அறிமுகமான மோரியை வரவேற்கின்றார். அவர் குளிக்கச் சென்ற சமயம் பார்த்து மோரி அவருடைய உடைகளையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு, அமெரிக்கக் கொடியின் வண்ணம் பூசப்பட்ட அவருடைய காரிலேயே அந்தாவுடன் புறப்படுகின்றான்.

இங்கே வருவதுதான் படத்தின் நடுநாயகமான காட்சி. காரின் மேலே மோரி ஆடையின்றி எழுந்து நிற்கின்றான். கையை உயர்த்திப் பேருரை ஆற்றுகின்றான். உடனே காட்சி மாறுகின்றது. இருவரும் விலையுயர்ந்த உடைகளோடு, திறந்த காரிலே, மக்கள் ஆரவாரிக்க ஊர்வலம் வருகின்றனர். அரசாங்க ஊர்வலம் ஒன்றின் உண்மைக் காட்சிகள் இடையிடையே தொடுக்கப்படுகின்றன. தம் சேரிக்கு வந்து இறங்குகின்றனர். அரிசிக் கடனுக்காகச் சபித்த அதே ஊமி, இப்போது மோரியின் குலப்பெருமையைப் பாடி ஆடுகின்றாள். அவன் பணத்தை அள்ளி வீசுகின்றான். மேற்காபிரிக்காவிலே, நம் சங்க காலப் பாணரைப் போல, குலப்புகழ் பாடிப் பரிசில் பெறும் மரபினர் உண்டு. நேற்றைய கடன்காரி இன்று அந்தப் பாணினியாகி நிற்கின்றாள்.

இக்கனவு எங்கே நிகழ்கின்றது என்பதைக் கேட்டுப் பாருங்கள். பாரிஸிலன்று. டக்காரிலே, தம் சேரியிலே, தம்மை இகழ்ந்தவர் கண்முன்னே நிகழ்கின்றது. இருவரும் பாரிஸைப் பற்றி எவ்வளவு பேசினாலும், அங்கே சென்று எங்கே உறங்குவது, என்ன தொழில் செய்வது, குளிருக்கு என்ன உடுப்பது என்று ஒரு சொல்லேனும் பேசுவதில்லை. போவது, பணம் சேர்ப்பது, திரும்பி வருவது, ஊரார் வணங்குவது: இதுவே அவர்களுடைய திட்டம். நடுவிலே பாரிஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடமும் ஒரு பாட்டுமே இருக்கின்றன. அதாவது, மோரியின் பயணத்தில் அவன் சேரவேண்டிய ஊர் டக்காரேதான். தன் ஊருக்குள்ளே மதிப்போடு நுழைவதற்கு வேறு வாசல் இல்லை என்று கண்டவன், கடலைச் சுற்றிக்கொண்டு வரப் பார்க்கின்றான்.

கடல் கடந்த உறவினர் இல்லாத வீடு அரிதாகிவிட்ட நம்மவர்க்கு இந்தக் கனவின் அமைப்பு புதியதன்று. விமான நிலையத்திலிருந்து வாகனம் ஒழுங்கைக்குள் திரும்பும் அந்தக் கணத்துக்காகவே அயல்நாட்டிலே ஆண்டுக்கணக்காகப் பனியிலே உழைத்தவர்களை நாம் அறிவோம். ஆயினும், நம் கதையை இதன்மேல் ஏற்றி விளக்க வேண்டியதில்லை. இது செனகலின் கதை.

இனித் துறைமுகக் காட்சி. திருடிய பணத்திலே பயணச்சீட்டு வாங்கி, திருடிய உடைகளிலே மிடுக்காக இருவரும் கப்பலடிக்கு வருகின்றனர். கப்பலின் மேற்றட்டிலே தம் நாடு திரும்பும் பிரெஞ்சுக்காரர் சிலர் பேசிக்கொண்டிருக்கின்றனர். இந்நாட்டிலே கலை என்று ஒன்றும் இல்லை, ஆபிரிக்கக் கலை என்பது பத்திரிகைக்காரரின் கட்டுக்கதை என்ற பொருள்பட ஏளனமாகப் பேசுகின்றனர். இவர்களோடுதான் நம் இருவரும் பயணஞ் செய்யவேண்டும். அந்தா ஏணியில் ஏறிவிடுகின்றாள். மோரி ஏணியின் அடியிலே ஒரு காலை வைத்தபடி நின்றுவிடுகின்றான்.

கப்பலின் சங்கு ஒலிக்கின்றது. அந்த ஒலி மெல்ல மெல்ல மாட்டின் கதறலாக மாறுகின்றது. கழுத்திலே கயிறு இறுக, கொலைக்களத்துக்கு இழுக்கப்படும் மாடு ஒன்று திரையிலே தோன்றுகின்றது. மோரி திரும்பி ஓடத் தொடங்குகின்றான். துறைமுகத்தைத் தாண்டி, நகரத்துத் தெருக்களைத் தாண்டி, மூச்சிரைக்க ஓடுகின்றான். கப்பல் அந்தாவோடு புறப்பட்டுச் செல்கின்றது.

பிறந்த மண்ணின் பாசம் அவனைப் பிடித்திழுத்தது என்று இக்காட்சிக்குப் பொருள் கூறுவோர் உளர். கேட்பதற்கு இனிய விளக்கம். ஆனால் படம் அதற்கு இடம் கொடுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. படத்தின் தொடக்கத்தை நினைவுகூர வேண்டும். அகன்ற புல்வெளியிலே, மாட்டின்மேல் அமர்ந்த சிறுவன் ஒருவன் குழலோசை பின்தொடர மந்தையை நம்மை நோக்கி நடத்தி வருகின்றான். என்ன அமைதியான காட்சி என்று நாம் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே அந்த மாடுகள் கொலைக்களத்தில் நிற்கின்றன. இரத்தம் தரையிலே ஓடுகின்றது. கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும் அளவுக்கு மாம்பெத்தி அதனை நீட்டிக் காட்டுகின்றார். அந்தக் கொலைக்களம் பாரிஸில் இல்லை, டக்காரில் இருக்கின்றது. ஆகவே, ஏணியடியிலே மாட்டின் கதறலைக் கேட்டு ஓடியவன், கத்தியிலிருந்து தப்பிக் கத்தியிருக்கும் ஊருக்கே ஓடுகின்றான். அவனுக்குப் போக்கிடமில்லை என்பதையே படம் சொல்கின்றது. தாயகமே சுவர்க்கம் என்று அது சொல்லவில்லை.

அவன் ஓடிச் சென்று காண்பது என்ன? அவனுடைய மோட்டார் சைக்கிளை வேறொருவன் ஓட்டிச் சென்று விபத்திலே சிக்கி அடிபட்டுக் கிடக்கின்றான். வண்டி நொறுங்கிவிட்டது. கொம்புகள் முறிந்துவிட்டன. முறிந்த மண்டையோட்டை எடுத்துக்கொண்டு மோரி படிக்கட்டிலே அமர்ந்திருக்கின்றான். மாடு மேய்த்த முன்னோரையும் இயந்திர யுகத்தையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்த அந்தக் கயிறு அறுந்துவிட்டது. பின்னர், மந்தையை நடத்தி வந்த சிறுவனின் காட்சி மீண்டும் வருகின்றது. நடந்ததெல்லாம் நடந்ததா, கனவா என்ற ஐயத்தோடு படம் முடிகின்றது.

அந்தா ஏன் போனாள், மோரி ஏன் நின்றான் என்பதைப் பற்றி விமரிசகர் பலவாறு எழுதியுள்ளனர். ஊர்வலக் கனவை இங்கே மீண்டும் எண்ணிப் பார்ப்பது பயன்தரும். அந்தக் கனவு மோரிக்கு உரியது. புகழ் பாடப்படுவது அவனுடைய குலம். கடனிலிருந்து மீட்கப்படுவது அவனுடைய மானம். அந்தாவுக்கோ திரும்பி வந்து வெல்லவேண்டிய ஊர் என்று ஒன்றில்லை. குறுகிய முடியும் காற்சட்டையும் உடைய அவளை அயலாரும் ஏற்கவில்லை, புரட்சி பேசும் மாணவரும் ஏற்கவில்லை. திரும்புவதற்காகப் போகின்றவனுக்கு ஏணியின் முதற்படி கனக்கின்றது. திரும்பும் நினைவின்றிப் போகின்றவளுக்கு அது கனக்கவில்லை. அவள் மேற்றட்டிலே தனியே நிற்கும் காட்சியில் அழுகை இல்லை.

அந்தக் கப்பலின் வரலாற்றையும் கூறிவிடுகின்றேன். 'அன்சேர்வில்' என்பது அதன் பெயர். 1962இல் கட்டப்பட்டு மார்செய்க்கும் டக்காருக்கும் இடையே ஓடிய உண்மையான பயணக் கப்பல் அது. படம் வெளிவந்த அதே 1973ஆம் ஆண்டிலே சீன அரசு அதனை விலைக்கு வாங்கி 'மிங்குவா' என்று பெயரிட்டது. சில ஆண்டுகள் ஓடியபின், சீனாவின் தென்பகுதியிலுள்ள ஷென்சென் நகரத்துக் கரையிலே அதனை நிறுத்தி உல்லாச விடுதி ஆக்கினர். பிறகு சுற்றிலும் கடலைத் தூர்த்து நிலமாக்கினர். செனகல் இளைஞரின் கனவுகளைச் சுமந்த கப்பல் கட்டடங்களுக்கு நடுவே, தண்ணீர் இல்லாத இடத்திலே நின்றுவிட்டது.

படம் வெளிவந்தபோது கான் திரைப்பட விழாவிலும் மொஸ்கோ விழாவிலும் பாராட்டுப் பெற்றது. ஆயினும் மாம்பெத்தி தம் அடுத்த முழுநீளப் படத்தை எடுக்க ஏறத்தாழ இருபதாண்டு காத்திருக்க நேர்ந்தது. 1992இல் வந்த அப்படத்தின் பெயர் 'கழுதைப்புலிகள்'. ஆசையின் விலங்கு அவரை விடவில்லை. 1998இல், 53ஆவது வயதில், அவர் நோயுற்றுக் காலமானார். காலமான இடம் பாரிஸ் நகரம். 2008இல், அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கொர்செசி நிறுவிய அமைப்பின் முயற்சியால் 'துக்கி புக்கி' பழுது நீக்கிப் புதுப்பிக்கப்பட்டது. பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் இதழ் 2022இல் உலக விமரிசகரிடம் வாக்குக் கேட்டுத் தொகுத்த தலைசிறந்த நூறு படங்களுள் அதுவும் ஒன்றாக இடம்பெற்றது.

மோரியும் அந்தாவும் திருடியேனும் பயணச்சீட்டு வாங்கினர். அவர்களுக்குப் பின்வந்தவர்க்கு அந்தக் கப்பலும் இல்லாமற் போயிற்று. பிரான்சும் பின்னர் ஐரோப்பிய நாடுகள் யாவும் நுழைவு அனுமதியை இறுக்கின. மீன் பிடிக்கும் மரப்படகுகளிலே, ஏறத்தாழ 1500 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஸ்பெயின் நாட்டுக் கனேரித் தீவுகளை நோக்கி இளைஞர் புறப்பட்டனர். 2006ஆம் ஆண்டில் மட்டும் மேற்காபிரிக்கக் கரைகளிலிருந்து 31,000க்கு மேற்பட்டோர் அத்தீவுகளை அடைந்தனர். 2024இலே அத்தொகை 46,000ஐத் தாண்டியது. அடையாமற் கடலில் மாண்டோர் பல்லாயிரவர். செனகல் இளைஞரிடையே அக்காலத்தில் ஒரு வாசகம் பரவியது: 'பார்சா, அன்றேல் பர்ஸக்'. பார்சா என்பது பார்சிலோனா நகரம். பர்ஸக் என்பது நம் இசுலாமிய நேயர்கள் அறிந்த சொல். மரணத்துக்கும் மறுமைக்கும் இடைப்பட்ட நிலை. பாரிஸ் போய்ப் பார்சிலோனா வந்தது. பாட்டின் இடத்திலே உதைபந்தாட்டக் கழகத்தின் புகழ் வந்தது. நடுவிலுள்ள வெற்றிடம் அப்படியே இருந்தது.

இப்படகுப் பயணத்தை, மாம்பெத்தியின் சகோதரர் மகளாகிய மாத்தி டியோப் 2019இல் 'அத்திலாந்திக்' என்ற படமாக்கினார். டக்காரிலே வானளாவிய கட்டடம் ஒன்றனைக் கட்டிய தொழிலாளர்க்கு மாதக்கணக்காகக் கூலி கொடுபடவில்லை. அவர்கள் ஓரிரவிற் படகேறிச் சென்று கடலில் மாண்டு, ஆவிகளாகத் திரும்பித் தம் காதலியர் உடலிலே புகுந்து, முதலாளியின் வீட்டுவாயிலில் நின்று கூலியைக் கேட்கின்றனர். கான் விழாவின் இரண்டாவது பெரும் பரிசைப் பெற்றது அப்படம். அங்கேயும் போனவர் திரும்பி வருவது தம் ஊருக்கே. ஊர்வலத்தோடு அன்று, கணக்குத் தீர்ப்பதற்கு.

மாத்தி டியோப் அதற்கு முன்பே, 2013இல், 'ஆயிரம் சூரியன்கள்' என்னும் நாற்பத்தைந்து நிமிடப் படம் ஒன்று எடுத்திருந்தார். உண்மையும் கற்பனையும் கலந்த அப்படத்தின் நாயகர், நாற்பதாண்டுகளுக்கு முன் மோரியாக நடித்த மாகாயே நியாங் அவர்களே. அவர் டக்காரை விட்டுப் போகவில்லை. நரைத்த தலையோடு, வாகன நெரிசலுக்கு நடுவே மாடுகளை ஓட்டிக்கொண்டு கொலைக்களத்துக்குச் செல்கின்றார். ஊரிலே திறந்த வெளியில் 'துக்கி புக்கி' காட்டுகின்றனர். திரையிலே கொம்பு கட்டிய மோட்டார் சைக்கிளில் வருபவன் நானே என்று அவர் அருகிலிருந்த சிறுவரிடம் சொல்ல, அவர்கள் நம்பாமற் சிரிக்கின்றனர். அந்தாவாக நடித்த மாரெம் நியாங் நெடுங்காலத்துக்கு முன்பே நாட்டை விட்டுப் போய்விட்டார். அவர் அலாஸ்காவில் இருப்பதாக அப்படத்தில் வருகின்றது. முதியவர் அவரோடு தொலைபேசியிற் பேசுகின்றார். பிறகு பார்த்தால், டக்காரின் வெயிலையே அறிந்த அந்த மாட்டிடையர் பனி மூடிய பெருவெளி ஒன்றிலே நடந்து போய்க்கொண்டிருக்கின்றார். உண்மையாகவே போனாரா, போனதாக எண்ணிக்கொண்டாரா என்பதைப் படம் சொல்லவில்லை.